பாறையா, மண்ணா? அன்றைக்கே எழுதி வையுங்கள்

பெங்களூரில் அஸ்திவாரம் தோண்டப் போனால் தரை என்ன காட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். லால்பாக்கில் வெளியே தலைகாட்டுகிற அந்தப் பழைய பாறைதான் ஊருக்கு அடியிலும் ஓடுகிறது. சில மனையில் பத்தடியிலேயே வந்துவிடும், சில இடத்தில் மூன்று பேஸ்மென்ட் தோண்டினாலும் செம்மண்தான், இரண்டும் ஒரே மனைக்குள் கலந்து கிடப்பதும் சகஜம். மெட்ரோ முதல் கட்டத்தில் மெஜஸ்டிக்குக்கும் சிக்பேட்டைக்கும் நடுவில் கோதாவரி என்ற சுரங்க இயந்திரம் பல மாதம் நகராமல் கிடந்ததை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் பணம் எங்கே வருகிறது என்றால், சாதாரண மண்ணுக்கு ஒரு ரேட், மென்பாறைக்கு ஒரு ரேட், கடினப் பாறைக்கு அதைவிட ரொம்ப அதிகம், வெடி வைக்க அனுமதி இல்லாத இடத்தில் உடைக்கிற கடினப் பாறைக்கு இன்னொரு ரேட். ஊருக்குள் வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வைத்துத்தான் உடைக்கிறோம், பிரேக்கரோ எல்லாவற்றையும்தான் உடைக்கிறது. உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பி ஆறு மாதம் கழித்து, பில் செக் செய்கிறவர் "இதில் கடினப் பாறை எவ்வளவு?" என்று கேட்டால் எதைக் காட்டுவது? அந்த இடத்தில் ராஃப்ட் (அஸ்திவாரக் கான்கிரீட் தளம்) போட்டு மேலே நாலு மாடி எழும்பியிருக்கும்.

நான் பில்லிங் பக்கம் வேலை பார்க்கிறவன். தர்மபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஸ்திரிகள், சின்ன சப் கான்ட்ராக்டர்கள், படித்து முடித்து நேராக சைட்டுக்கு வந்த பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் சில வருடங்களாக சனிக்கிழமை மதியங்களில் சைட் ஆபீஸிலேயே தமிழில் வகுப்பு எடுத்து வருகிறேன். தகராறு வராமல் வேலை செய்வது எப்படி, வந்தால் பேசி முடிப்பது எப்படி என்பதுதான் பாடம். இந்தப் பயிற்சி தப்பான ஆட்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். கான்ட்ராக்ட் சட்டம், கிளெய்ம் (கூடுதல் பணமோ நாளோ கேட்பது) என்று ஹோட்டல் ஹாலில் நடக்கிற கருத்தரங்குகளுக்கு ஜெனரல் மேனேஜர்களும் வக்கீல்களும் போகிறார்கள். தகராறு பிறக்கிற நிமிடத்தில் குழிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மேஸ்திரியும் இருபத்து மூன்று வயது சைட் இன்ஜினியரும்தான், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு மேஸ்திரியோடு நடந்த பேச்சைச் சொல்கிறேன். பாத்ரூம் சுவர் ஒன்றை இடித்து ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டியிருந்தார்.

"யாரு சொன்னாங்க அண்ணே?"

"ஆர்க்கிடெக்ட் மேடம்தான் தம்பி. நேர்ல வந்து நின்னு சொன்னாங்க."

"எழுதி வாங்கினீங்களா?"

"முகத்துக்கு நேரா சொல்றாங்க, எழுதிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது? நம்பலன்னு நினைச்சிக்க மாட்டாங்களா?"

எனக்குத் தெரிந்து பாதித் தகராறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த அண்ணனுக்கு விவரம் போதாது என்று சொல்லவே மாட்டேன், முப்பது வருடமாகக் கட்டுகிறவர். எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதனால் வகுப்பில் முதல் வேலையாக நான் எடுப்பது ஷரத்துகளை அல்ல, இந்தக் கூச்சத்தை. யாரையும் எழுதித் தரச் சொல்ல வேண்டாம், நீங்களே எழுதுங்கள் என்கிறேன். "மேடம், இன்னைக்கு இரண்டாவது மாடி பாத்ரூம் சுவரை ஒன்பது அங்குலம் கிழக்கே தள்ளச் சொன்னீங்க, இடிச்சிட்டு நாளைக்குக் கட்டுறோம், நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனா?" என்று சாயங்காலம் ஒரு மெசேஜ், போட்டோவோடு. தமிழில் வாய்ஸ் நோட் அனுப்பினால் கூட சைட் இன்ஜினியர் அதை ஆங்கிலத்தில் மெயிலாக்கிவிடலாம். யாருக்கும் மனம் நோகாது. உலகம் முழுக்கக் கட்டுமான வேலைகளுக்குப் பயன்படுகிற ஃபிடிக் (FIDIC) மாதிரி ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகத்தில் 3.3-வது ஷரத்து இதைத்தான் சொல்கிறது: வாய்வழி உத்தரவு கிடைத்தால் கான்ட்ராக்டர் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்து அனுப்ப வேண்டும், இன்ஜினியர் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் மறுக்காவிட்டால் அதுவே எழுத்து உத்தரவாகிவிடும். அந்த மேஸ்திரி அண்ணன் இதைக் கேட்டதும் "அப்போ வெள்ளைக்காரனும் இப்படித்தான் பண்றானா?" என்று கேட்டார், அதற்கப்புறம் அவரிடமிருந்து மெசேஜ் வராத நாளே இல்லை.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். போன் மாறும், குரூப்பை யாராவது கலைத்துவிடுவார்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63. மாதம் ஒருமுறை சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அளவுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பாடம் இது. போர்டில் ஒரு சுவர் வரைவேன். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், நடுவில் 1.0 க்கு 2.1 மீட்டர் கதவு, இரண்டு பக்கமும் பூச்சு. எவ்வளவு பில் போடலாம் என்று கேட்பேன். மேஸ்திரிகள் 24 சதுர மீட்டர் என்பார்கள், கதவு ஓரமெல்லாம் நாங்கள்தானே பூசினோம் என்று. கிளையன்ட் பக்கத்துப் பையன் இரண்டு பக்கமும் கதவைக் கழித்து 19.8 என்பான். இருவரும் உண்மையாகவே தாங்கள் சொல்வதுதான் நியாயம் என்று நம்புகிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1200 படி பார்த்தால் அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது, அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு, கதவு ஓரத்துக்குத் தனியாகச் சேர்க்கக் கூடாது. ஆக 21.9. மேஸ்திரி கணக்குக்கும் கிளையன்ட் கணக்குக்கும் ஒரு கதவுக்கு 4.2 சதுர மீட்டர் வித்தியாசம், 200 கதவு இருக்கிற கட்டடத்தில் அது 840. கடைசி பில்லில் வெடிக்கிற சண்டை இது, முதல் நாள் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும். ஒப்பந்தத்தில் வேறு அளவு முறை எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்பதையும் அப்போதே படித்துக் காட்டிவிடுவேன்.

பாறைக்கும் இதே மாதிரிதான். தோண்டுவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து லெவல் எடுப்பது (தரை மட்டத்தை அளந்து குறிப்பது), பாறை தலைகாட்டியதும் நிறுத்தி மறுபடி லெவல், ஸ்டாஃப் (அளவு குறித்த கோல்) வைத்து போட்டோ, அன்றைக்கே இரண்டு கையெழுத்து. கலந்து வந்தால் உடைத்த கல்லைத் தனியாக அடுக்கி அளந்து, இடைவெளிக்காக 50 சதவீதம் கழிப்பது மத்தியப் பொதுப்பணித் துறை வழக்கம். இதைச் சொல்வதோடு விடாமல், மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவியை அவர்கள் கையில் கொடுத்து வெளியே கூட்டிப்போய்ச் செய்ய வைக்க வேண்டும்.

அப்புறம் தேதி. தாமதமோ கூடுதல் செலவோ வரப்போகிறது என்று தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கேட்கிற உரிமையே போகும் என்கிறது அதே ஃபிடிக் புத்தகத்தின் 20.1. விவரமான கணக்கு கொடுக்க 42 நாள், 2017 பதிப்பில் அது 84 ஆனது, நோட்டீஸுக்கு 28 அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தால் கிளையன்ட் கோபித்துக்கொள்வார் என்று பயந்து உட்கார்ந்திருக்கிற சின்ன கான்ட்ராக்டர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. வீட்டு நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு.

இவ்வளவும் ஒரு தரப்புக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் சண்டை போடத் தயார்செய்வது போல ஆகிவிடும். அதனால் கிளையன்ட் இன்ஜினியர்களையும் அதே அறையில் உட்கார வைக்கப் பார்க்கிறேன், வரும்போதெல்லாம் இடம் மாற்றிவிடுகிறேன். கான்ட்ராக்டர் ஆள் கிளையன்டாக உட்கார்ந்து கிளெய்மைப் படிக்க வேண்டும், கிளையன்ட் ஆள் டிராயிங் மூன்று வாரம் லேட்டாக வந்ததற்கு கிளெய்ம் எழுத வேண்டும். எழுத ஆரம்பித்ததும் அந்தப் பையன்கள் முதலில் தேடுவது தடைப் பதிவேட்டை, அதாவது வேலை எதனால் எத்தனை நாள் நின்றது என்று சைட்டில் எழுதி வைக்கிற நோட்டை. அது காலியாக இருக்கும். யார் நிரப்பியிருக்க வேண்டும் என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிடும், நான் வாயைத் திறக்கவே தேவையில்லை.

தகராறு வந்தே விட்டது என்றால்? ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பு வாங்குவது) என்று உடனே குதிக்காதீர்கள். 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 29ஏ பிரிவுபடி இரு தரப்பு மனுக்களும் முடிந்தபின் தீர்ப்புக்கு 12 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம், அதற்குமேல் அந்தத் தீர்ப்பை எதிர்த்து 34-வது பிரிவில் கோர்ட்டுக்குப் போனால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகமே அரசு கொள்முதல் ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷனைப் பொதுவாக 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொண்டு மத்தியஸ்தத்தை (நடுவில் ஒருவர் இருந்து இரு தரப்பையும் பேசி முடிக்க வைப்பது) பாருங்கள் என்று வழிகாட்டியிருக்கிறது. மத்தியஸ்தர்களுக்கே 40 மணி நேரப் பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள். சைட்டில் தினம் தினம் பேசித் தீர்க்க வேண்டியவர்களுக்கு நாலு மணி நேரம் கூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். அமெரிக்காவில் 1975-லேயே ஐசனோவர் சுரங்கத்தின் இரண்டாவது குழாய்க்குத் தகராறுகளைப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். வேலை நடக்கும்போதே சைட்டைப் பார்த்துப் பழகிய மூன்று பேர் என்பதுதான் அதன் பலம். நம் ஊரில் அந்த ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கும், குழுவை மட்டும் சண்டை முற்றிய பிறகு அமைப்பார்கள்.

30க்கு 40 மனையில் சொந்த வீடு கட்டுகிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: சதுர அடி ரேட் பேசும்போது பால்கனி முழுசா பாதியா, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்டு சுவர், போர்ட்டிகோ உள்ளேயா வெளியேயா என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், மேஸ்திரி சொந்தக்காரராக இருந்தாலும்.

கிளையன்ட் பக்கமோ பி.எம்.சி. (கிளையன்டுக்காக வேலையை மேற்பார்க்கிற நிறுவனம்) பக்கமோ இருக்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கான்கிரீட்டுக்கு முன்னால் ஒரு அரை நாள், உங்கள் இன்ஜினியரையும் கான்ட்ராக்டரின் மேஸ்திரியையும் சேர்த்து உட்கார வையுங்கள். அந்த சைட்டின் சொந்த டிராயிங், சொந்த பி.ஓ.கியூ. (வேலை, அளவு, ரேட் பட்டியல்) இருந்தால் போதும், தனிப் பாடப்புத்தகம் வேண்டாம். தமிழில் நடத்த ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், கன்னடத்திலும் இந்தியிலும் நடத்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.