உறைந்த சிம்கோ ஏரியில் ஃபிளாஷர் சோனார்: கெயினை எங்கே நிறுத்துவது?

டொராண்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில், 30 அடி ஆழத்தில் மஞ்சள் பெர்ச் மீனுக்காக, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வட்டமுகப்பில் வண்ணக் கோடுகளாகக் காட்டும் ஃபிளாஷர் என்ற சோனார் கருவியை வைத்து, பனித்துளை வழியே மீன்பிடித்துப் பார்த்ததன் குறிப்பு இது. கால் வைக்கும் முன் பனியின் தடிமனை அளக்க வேண்டும். நடந்து போகக் குறைந்தது 10 செ.மீ. தெளிந்த பனி தேவை. வெள்ளையாகப் பூத்த பனியென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

துளை போடாமலே ஆழம் பார்க்கலாம். மேலே கிடக்கும் பனித்தூளைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரின் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) முகம் அழுந்த உட்கார வையுங்கள். கண்ணாடி போன்ற பனியில் ஏரித் தரையின் எதிரொலி கிடைத்துவிடும். குமிழ் நிறைந்த பனியில் கிடைக்காது, காற்று ஒலியைத் திருப்பி அடித்துவிடும். பல இடங்களைத் துளைத்துக் களைத்துப்போவதைவிட இது மேல்.

8 அங்குலத் துளை போட்டதும் மிதக்கும் பனிக்கூழைச் சல்லடைக் கரண்டியால் முழுக்க வழித்தெடுக்க வேண்டும். டிரான்ஸ்டியூசரின் முகம் பனியின் அடிப்பரப்பைவிட இரண்டு மூன்று செ.மீ. கீழே தொங்கட்டும். துளைக்குள்ளேயே நின்றால் பனிச்சுவர் எதிரொலித்து மேல் சில அடிகளைக் குழப்பும். முகம் தரைக்கு நேராக, சாயாமல் இருக்க வேண்டும். இறக்கியவுடன் விரலால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழே போதும் திரையை மங்கடிக்க.

இனி கெயின், அதாவது எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை அமைக்கும் திருகுகுமிழ். எங்கள் கணிப்பில், பாதிப் புகார்கள் இந்தக் குமிழைத் தேவைக்கு மேல் திருகுவதால் வருபவை. முதலில் சுழியத்தில் வைத்து, தரை தெரியும்வரை ஏற்றுங்கள். பிறகு ஜிக்கை (எடையுள்ள தூண்டில் இரை) இறக்கித் தரைக்கு இரண்டடி மேலே நிறுத்தி, அது மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும் இடம்வரை மட்டும் ஏற்றி விட்டுவிடுங்கள். இன்னும் ஏற்றினால் தரையின் சிவப்புப் பட்டை தடித்து, தரையை ஒட்டிக் கிடக்கும் மீனை விழுங்கிவிடும். பெர்ச் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆழம் மாறினாலோ ஜிக்கை மாற்றினாலோ கெயினையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கருவி அளப்பது தூரத்தை மட்டுமே. ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போவதால், 30 அடி போய்த் திரும்ப 13 மில்லிநொடி ஆகிறது. எந்தப் பக்கமிருந்து திரும்பியது என்பது அதற்குத் தெரியாது. ஒலி கீழே கூம்பாக விரிகிறது: 20 பாகைக் கூம்பு 30 அடியில் பத்தரை அடி அகலம் பரவும். 9 பாகைக் கூம்பு ஐந்தடிக்கும் குறைவு. அகலக் கூம்பின் ஓரத்தில், தரைக்கு அரையடி மேலே இருக்கும் மீன், நேர்கீழே உள்ள தரையின் தூரத்திலேயே விழுவதால் தரையோடு கலந்துவிடும். சரிவான தரையில் இந்தக் குருட்டுப் பகுதி இன்னும் பெரிது. அங்கே குறுகிய கூம்புதான் கைகொடுக்கும்.

பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்பவை எதிரொலியின் பலம். மீனின் எடை அல்ல. கூம்பின் நடுவில் நிற்கும் சிறிய மீன் சிவப்பாகவும், ஓரத்தில் போகும் பெரிய மீன் பச்சையாகவும் தெரியும். பச்சை சிவப்பாக மாறினால் மீன் துளைக்கு நேர்கீழே வருகிறது என்று பொருள். ஜிக் எப்போதும் மீனுக்கு ஓரடி மேலேயே இருக்கட்டும், கீழே போன இரையை அது தேடி இறங்குவது அரிது. மீன்கோடு எழும்பும்போது ஜிக்கையும் மெல்ல மேலே இழுத்தால் துரத்தும் மீன் தெரிந்துவிடும். கோடு பாதியில் நின்று திரும்ப இறங்கினால் அசைவைக் குறையுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றானதும் கோலின் நுனியைப் பாருங்கள், திரையை அல்ல.

ஜிக் திடீரென மறைந்தால் கெயினைத் தொடாதீர்கள். டிரான்ஸ்டியூசர் சாய்ந்திருக்கும், அல்லது நீரோட்டம் ஜிக்கைக் கூம்புக்கு வெளியே தள்ளியிருக்கும். நீரோட்டம்தான் காரணமென்றால் கனமான டங்ஸ்டன் ஜிக் போட்டால் சரியாகும். வட்டம் முழுக்கக் கோடுகள் ஓடினால் பக்கத்தில் இன்னொரு சோனார் இயங்குகிறது. குறுக்கீடு நீக்கும் பொத்தானை ஒவ்வொரு படியாக மாற்றிப் பாருங்கள். மீன் மாட்டியதும் டிரான்ஸ்டியூசரை வெளியே எடுக்காவிட்டால் தூண்டில் நரம்பு அதன் கேபிளில் சுற்றும்.

ஆழத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 30 அடிக்கும் கீழேயிருந்து வேகமாக இழுத்த பெர்ச்சின் காற்றுப்பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. வேண்டிய அளவு பிடித்தாயிற்று என்றால் ஆழம் குறைந்த இடத்துக்கு மாறிவிடுங்கள்.

ஃபிளாஷர் கால் ஆம்பியர் அளவே இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி காகிதக் கணக்கில் 28 மணி நேரம் வரும், ஆனால் கடுங்குளிரில் பாதியையே நம்புங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடை குறைவு, குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் 0 பாகை செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து செல் கெட்டுவிடும். வீட்டுக்குள் சில மணி நேரம் வைத்து, தொட்டால் குளிராத நிலைக்கு வந்தபின் சார்ஜரில் போடுங்கள்.