அரைப் பக்கம், நாலு நாள் ஷூட்டிங்

விடியக்காலம் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, அந்தத் தயாரிப்பு ஆபீஸில் ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். 1940-களில் ஏவிஎம் ஸ்டூடியோவே எங்க ஊரில்தான் இருந்தது என்ற பெருமையெல்லாம் அங்கே எடுபடவில்லை. மேனேஜர் என் திரைக்கதையைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"தம்பி, இது அரைப் பக்கம். ஆனா நாலு நாள் ஷூட்டிங்."

மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த அரைப் பக்கம்தான் எனக்குச் செல்லம். ஒரு செட்டிநாட்டு வீடு நொடித்துப்போவதை, மேலே "மாண்டேஜ்" (துண்டு துண்டுக் காட்சிகளின் கோவை) என்று போட்டு ஒரே பத்தியில் அடைத்திருந்தேன். 1942 ரங்கூனில் கடை அடைப்பு, அங்கிருந்து நடந்தே வரும் கூட்டம், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, தேக்குத் தூணைப் பெயர்ப்பது... பகலா ராத்திரியா, எங்கே முடிகிறது, ஒன்றுமில்லை. வாசிக்க அரை நிமிஷம். ஆனால் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் யூனிட் வண்டி கிளம்பியாக வேண்டும்!

பாட்டு இன்னும் மோசம். ஓரிடத்தில் மெட்டே இல்லாத பாட்டுக்கு மூணு பக்கம் வரிகள். இன்னோரிடத்தில் "இங்கே பாட்டு", அவ்வளவுதான்.

உதவி இயக்குநராக இருந்த ஊர்க்கார அண்ணன் ஒருவர் வீட்டு வளவில், அந்த உள்முற்றத்தில், உட்கார வைத்துத் திருத்தினார். "வரியெல்லாம் கவிஞர் பாத்துக்குவாருடா. பாட்டுக்கு முன்னாடி உன் கதாநாயகி யாரு, முடியிறப்ப யாரு, அதை எழுது. வாயசைக்கிறாளா, பின்னணியில ஓடுதா, அதையும் போடு."

மாண்டேஜுக்குத் தொடக்கம், முடிவு என்று தனித்தனித் தலைப்பு. ஒவ்வொரு ஷாட்டும் தனி வரி, இடமும் பொழுதும் சேர்த்து. படப்பிடிப்புப் பிரதியில் 57அ, 57ஆ என்று எண்ணும் விழும்; இல்லாவிட்டால் ஷெட்யூல் போடுகிறவர் கணக்கில் அந்த இடமே வராது. ஒன்று கவனம்: பக்கத்துக்கு ஒரு நிமிஷப் படம் என்பது கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவில், 12 புள்ளி அளவுக்கு வந்த கணக்கு. தமிழ் எழுத்துருவில் பக்கம் வீங்கும். நான் வாசித்துப் பார்த்து, கடிகாரம் வைத்துத்தான் நேரம் குறித்தேன்.

ரங்கூனைத் தூக்கிவிட்டு, பர்மாவிலிருந்து வராமல் நின்றுபோன கடிதங்களை வைத்தேன். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, எல்லாம் ஒரே வீட்டுக்குள்.

மறுபடி போனபோது மேனேஜர் பென்சிலை எடுத்து ஓரத்தில் "1 நாள்" என்று எழுதினார். பாட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.