நாமக்கட்டியும் வேப்பங்குச்சியும்

மூன்றாம் வகுப்புக்குப் போன வாரம் பாறை ஓவியம். பாறைக்கு எங்கே போவது? காக்கித் தாளைக் கசக்கி, விரித்து, சுவரில் ஒட்டினோம். அவ்வளவுதான் பாறை.

அசல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. பர்கூர் பக்கம் மல்லப்பாடி. பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள். போனில் படம் காட்டினால், "யாரு மிஸ் சாக்பீஸ்ல கிறுக்குனது?" என்கிறான் ஒருத்தன்.

எங்கள் வெள்ளைக்கு நாமக்கட்டி. அதுவும் வெள்ளைக் களிமண்தானே. உரசித் தண்ணீர் விட்டுக் குழைத்தோம். பிரஷ்ஷுக்கு வேப்பங்குச்சி, நுனியை மென்று நார் நாராக்கச் சொன்னேன். கசப்பில் முகங்கள் போன போக்கைத் தனியாக வரைந்திருக்கலாம்.

மறுநாள் பார்த்தால் தரையெல்லாம் வெள்ளைப் பொடி, குதிரைகளுக்குக் கால் இல்லை. பசை சேர்க்க மறந்தது என் தப்பு. அப்புறம் வேப்பம்பிசினை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் கலந்து, மறுபடி வரைந்தோம். காய்ந்த பிறகு ஆளாளுக்கு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். உதிரவில்லை.

குதிரையை நேரில் பார்த்தவர்கள் வகுப்பில் மூன்று பேர்தான். மற்ற குதிரைகளுக்கெல்லாம் ஆட்டு முகம், சிலதுக்குத் தாடிகூட. ஒருத்தி மட்டும், "எங்க தாத்தா குதிரை ஓட்ட மாட்டாரு மிஸ்" என்று சொல்லிவிட்டு டிவிஎஸ் எக்ஸெல் வரைந்தாள். பின்னால் இரண்டு தக்காளிக் கூடை. ஈட்டிக்குப் பதில் குடை.

அதைத்தான் வகுப்புக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து நடுகல். தருமபுரி அருங்காட்சியகத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன, களிமண்தான் இல்லை. ஏரிப்பக்கம் யாராவது போனால் ஒரு பக்கெட் அள்ளி வாருங்களேன்.