கையெழுத்துக்கு முன்

மார்ச் 3

ராணுவத்தில் சேர்வதென்று தம்பி முடிவு செய்துவிட்டான். உன் உடல் உன்னுடையது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க அரசுக்கும் உரிமையில்லை, குடும்பத்துக்கும் உரிமையில்லை என்று இத்தனை ஆண்டுகளாக அவனுக்குச் சொல்லி வந்தவன் நான். இன்று அதையே என்னிடம் திருப்பிச் சொல்லிவிட்டுப் சேர்க்கைப் படிவத்தை மேசைமேல் வைத்தான்.

மார்ச் 4

உறக்கம் வரவில்லை. கட்டாய ராணுவ சேவையாக இருந்தால் எனக்குக் குழப்பமே இருந்திருக்காது. கட்டாய ஆள்சேர்ப்பைக் கைவிட்டு விரும்பிச் சேர்பவர்களின் படைக்கு மாறுவது பற்றி ஆராய அமெரிக்க அதிபர் நிக்சன் 1969-இல் அமைத்த ஆணையத்தின் முன் சாட்சியளித்த தளபதி வெஸ்ட்மோர்லண்ட், சம்பளத்துக்குச் சேரும் கூலிப்படைக்குத் தலைமை தாங்கத் தனக்கு விருப்பமில்லை என்றபோது, ஆணைய உறுப்பினராக இருந்த பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், அப்படியானால் அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவீர்களா என்று கேட்டார். 1973-இல் அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. லிபர்டேரியன்கள், அதாவது தனிமனித உரிமையை முதலில் வைத்து அரசின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லும் என்னைப் போன்றவர்கள், சலிக்காமல் சொல்லும் கதை இது. நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் தானாக முன்வந்து சேர்பவனைப் பற்றி அந்தக் கேள்வி ஒன்றும் சொல்வதில்லை.

மார்ச் 6

அம்மா இருவரோடும் பேசவில்லை.

மார்ச் 7

படிவத்தை மறுபடியும் வாசித்தேன். சேரும்போது அவனுடைய சம்மதத்தைக் கேட்கிறார்கள், அதன்பின் கேட்பதில்லை. வேறெந்த வேலையிலும் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறுபவன் அதிகம் போனால் இழப்பீடு தருவான். இங்கே வெளியேறுவதே குற்றம், அதற்குச் சிறை. தானாகச் சேர்ந்த சிப்பாயும் விலக முடியாதவரை அவன் செய்வது கட்டாய உழைப்புதான் என்று, அரசே வேண்டாம் என்ற லிபர்டேரியன் சிந்தனையாளர் முர்ரே ராத்பார்ட் 1973-லேயே எழுதிவிட்டார். அமெரிக்கப் படையின் சேர்க்கைப் படிவத்தைத் தேடிப் பார்த்தேன். சட்டங்களும் விதிகளும் முன்னறிவிப்பின்றி மாறலாம், அந்த மாற்றம் சம்பளத்தையும் பொறுப்புகளையும் பாதிக்கலாம், இந்த ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது செல்லும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஈராக் போரின்போது ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். ஒரு தரப்பு மட்டும் திருத்திக்கொள்ளக்கூடிய காகிதத்தை ஒப்பந்தம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 9

தொலைபேசியில் ஒரு மணி நேரம். "அண்ணா, வரிப்பணத்தில் சம்பளம் வாங்குவது தவறென்றால், வரி கட்டிக்கொண்டே இருக்கும் நீங்கள் மட்டும் சுத்தமா?" என்றான். வரி என்னிடமிருந்து பறிக்கப்படுகிறது, நீ அதை விரும்பிப் பெறுகிறாய் என்றேன். வாதத்தில் வென்றதுபோல் இருந்தது. தொலைபேசியை வைத்தபின் இல்லை. தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் முன்வைத்த குறுகிய அரசுக்கு வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றித் தருவதும் மட்டுமே வேலை. அந்தக் கணக்கில் எல்லைக் காவலில் நிற்கும் சிப்பாய்க்கு, உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரியைவிட அதிக நியாயம் உண்டு. ராத்பார்ட் இதை ஏற்கமாட்டார். நான் ஏற்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 10

எல்லைக் காவல் சரி. எல்லைக்கு அப்பால் அனுப்பினால்?

மார்ச் 12

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சரை வாசித்தேன், வாசிக்காமல் இருந்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆப்கானியப் போரில் சொந்த நாடான பிரிட்டனின் படை ஆபத்தில் இருப்பதாகச் செய்தி வந்தபோது, தங்கள் தரப்பு நியாயமா என்று கேட்காமல் கூலிக்குச் சுடப் போகிறவர்கள் தாமே சுடப்பட்டால் தனக்குக் கவலையில்லை என்று சொன்னதாக 1902-இல் வெளியான கட்டுரையில் அவரே எழுதுகிறார். தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு அதை வாசிக்க முடியாது. இருந்தாலும் அந்தக் கொடூரமான வரிக்குள் இருக்கும் கேள்வியை ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. தன்னைத் தாக்காதவன்மீது வன்முறை தொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கொள்கையின் அடித்தளம் என்றால், எதிரில் நிற்பவன் யாரையேனும் தாக்கினானா என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சுடுகிறவன் மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட முடியுமா? மேலிட உத்தரவு என்பதால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது என்றுதான் இரண்டாம் உலகப் போருக்குப்பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க் நீதிமன்றத்தில் நிறுவினார்கள். 1949-ஆம் ஆண்டின் ஜெர்மன் அடிப்படைச் சட்டம், மனசாட்சிக்கு எதிராக எவரையும் ஆயுதம் ஏந்திப் போரிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. படையில் ஏற்கெனவே இருப்பவரும் அந்த உரிமையைக் கோரலாம். அப்படி ஒரு வாசல் இருக்கும் படையில் சேர்வதை எந்தக் கொள்கையின் பெயராலும் நான் தடுக்கமாட்டேன். அவனுடைய படிவத்தில் அந்த வாசல் இல்லை.

மார்ச் 14

விலகும் உரிமை உண்டா என்று எழுத்துமூலம் கேட்கச் சொன்னேன். "அப்படிக் கேட்பவனை எந்தப் படை எடுத்துக்கொள்ளும்?" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது, அவன்மீது அல்ல.

மார்ச் 15

கடைசிப் பக்கத்தில் சாட்சி கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதில் நான்தான் போட வேண்டும் என்கிறான். கையெழுத்து அவனுடையதுதான் என்பதற்கு மட்டும் நான் சாட்சியா, அவன் தெரிந்தே சம்மதித்தான் என்பதற்கும் சேர்த்தா என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.