கேமுக்குள் போன என் முக்காலி

"மாமா, உங்க முக்காலி கேம்ல விக்குது" என்று அக்கா மகன் போனை நீட்டியபோது சிரிப்புதான் வந்தது. பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஒன்றையொன்று பின்னிய மூன்று கால்கள், பலகை ஓரத்தில் நான் இழைத்த சாய்வு, எல்லாம் அப்படியே. கூடவே என் கடைப் பெயரும்!

என்னிடம் டிசைன் பதிவுச் சான்றிதழ் இருந்தது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி 10 வருட உரிமை, பணம் கட்டினால் இன்னும் 5 வருடம். அந்தத் தைரியத்தில் வக்கீலிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது, எந்த வகைப் பொருளுக்குப் பதிந்தது என்று சொல்லும் வகுப்பு எண்ணைத்தான். 6ஆம் வகுப்பு, அதாவது மேசை, நாற்காலி வகையறா. பதிந்த வகுப்பில் வரும் பொருளில் காப்பியடித்தால்தான் அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பேசும். "கேமில் இருப்பதில் யாராவது உட்கார முடியுமா என்று கேட்பார்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தாலும் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

சரி, காப்பிரைட்? பதிந்த டிசைனுக்கு அது கிடையாது. பதியாமல் விட்டிருந்தாலும் 50 முக்காலிக்கு மேல் செய்தவுடன் போயிருக்கும். நான் செய்தது முந்நூறைத் தாண்டும். போதாக்குறைக்கு என் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். விற்றவர் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியவில்லை.

கேம் நிறுவனத்துக்கு டிசைன் சான்றிதழை அனுப்பினேன். அவர்கள் படிவத்தில் காப்பிரைட், டிரேட்மார்க் என்று இரண்டு கட்டங்கள்தான். புகார் திரும்பி வந்தது. கடைப் பெயருக்கு டிரேட்மார்க் வாங்கியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை வைத்துப் புகார் கொடுத்ததும் 9 நாளில் தூக்கிவிட்டார்கள். வடிவத்துக்காக அலைந்தேன், பெயர்ப்பலகை காப்பாற்றியது. மூன்று வாரம் கழித்து அதே முக்காலி பெயரில்லாமல் மறுபடி வந்தது. அதை விட்டுவிட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மே 1 முதல், கையால் தொட முடியாத டிஜிட்டல் வடிவமும் 'பொருள்' என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. இங்கே அப்படியில்லை. ஆகவே அடுத்த முக்காலிக்கு 6ஆம் வகுப்போடு, திரைக்காட்சிகளுக்கான 14-04 என்ற உட்பிரிவிலும் தனி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். சிறு தொழிலுக்குக் கட்டணம் தலா 1,000 ரூபாய்தான். இரண்டாவது தேறுமா என்பது விண்ணப்பத்தைப் பார்க்கும் பரிசோதகர் கையில். பழையதற்கு இதைச் செய்ய வழியில்லை. புதிய வடிவத்தைத்தான் பதிய முடியும், வெளியே வந்துவிட்ட வடிவம் புதியது ஆகாது.

விண்ணப்பம் போய்ச் சேரும்வரை புது முக்காலியை இன்ஸ்டாகிராமில் போடவில்லை. அக்கா மகனுக்குக்கூடக் காட்டவில்லை.