8 மணி வகுப்பு

நாளை புது செமஸ்டர். மாணவர்களுக்குக் கொடுக்கும் தாளில் தாமத விதியை இன்று மாற்றி எழுதினேன்.

முன்பெல்லாம் 8.10க்குக் கதவைச் சாத்திவிடுவேன். போன வருடம் ஒரு மாணவி கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் எல்ஆர்டி ரயிலுக்கு மாறி, சொட்டச் சொட்ட நனைந்து வந்து வெளியே நின்றாள். கட்டுரையை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். மனசு கேட்கவில்லை.

இனி கதவு திறந்தே இருக்கும். சத்தமில்லாமல் வந்து உட்காருங்கள்.

கட்டுரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் இந்தக் கோலாலம்பூர். இங்கே தமிழ் படிப்பவர்கள் மேற்கோளுக்குப் பக்க எண் தராமல் எழுதலாமா? ஏஐ எழுதித் தந்ததை நீட்டாதீர்கள். பிழை இருந்தாலும் உங்கள் சொந்த வாக்கியம் வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம். தவணை தவறும் என்றால் முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.