மாட்டுக் கொட்டகைக்கு லீவு கிடையாது

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடி பக்கத்துக் கிராமங்களில் நாலைந்து கறவை உள்ள வீட்டில் மாட்டுக்காரர் என்று ஒருத்தரைத்தான் சொல்வார்கள். பால் சங்கத்தில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் விடிவதற்கு முன் சாணி வாருவது மருமகள், கறப்பது மனைவி, சங்கத்துக்குப் பால் கொண்டுபோவது மகன், கழனியில் புல் அறுப்பது அவர். ஒரு கை குறைந்தால் அன்றைக்கே பாலில் தெரிந்துவிடும். வீட்டிலும் தெருவிலும் இந்த வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பதில்தான் மாட்டின் வருமானம் பெரும்பாலும் நிற்கிறது.

மாடு சினை பிடிக்கத் தயாராகிற சினைப்பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாளுக்குமேல் நிற்காது. மாடு விடாமல் கத்தும், தீனி குறையும், பிறப்புறுப்பிலிருந்து தெளிந்த சளி கம்பியாக ஒழுகும், பக்கத்து மாட்டின்மேல் தாவும். இதை முதலில் பார்ப்பது கொட்டகையில் கூட்டுகிற, கறக்கிற பெண்கள்தான். காலையில் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. கத்திரி வெயிலில் கலப்பின மாடுகள் பகலில் அறிகுறியே காட்டாமல் ராத்திரியில் காட்டிவிட்டு அடங்கிவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். தவறவிட்டால் மூன்று வாரத் தீனி வீண்.

சுவர்க் காலண்டரில் குறிப்பது நல்ல பழக்கம். ஊசி போட்ட தேதி, அதிலிருந்து 21ஆம் நாள், மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை, 220ஆம் நாள் கறவை நிறுத்தம், 280 நாள் அளவில் ஈற்று. வீட்டில் யாராவது ஒருத்தர் தலையில் மட்டும் இந்தத் தேதிகள் இருந்தால், அவர் ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் எல்லாம் குழம்பிவிடும். கறவை நிறுத்தும் 60 நாளைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள், இன்னும் இரண்டு லிட்டர் வருகிறதே என்று. அந்த ஓய்வு இல்லாவிட்டால் மடி தேறாது, கன்றும் மெலியும், அடுத்த ஈற்றில் பால் குறையும்.

கன்று போட்ட வீட்டில் சீம்பாலை வெல்லம், ஏலக்காய் சேர்த்து வேகவைத்து அக்கம்பக்கம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கன்றுக்குப் போக மிஞ்சியதை. 25 முதல் 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாள் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தேவை. அதில் முதல் பங்கு பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். நேரம் ஆக ஆக, சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தவறு.

மாட்டுப் பொங்கல் அன்று நடப்பதைச் சொல்லாமல் விட முடியாது. கொம்புக்கு வண்ணம் அடித்து மாலை போட்டு நிறுத்திய மாட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை பொங்கல் ஊட்டுவார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவதும் இதே அன்பில்தான். ஆனால் வைக்கோலும் புல்லும் தின்று பழகிய வயிற்றில் இவ்வளவு மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் அமிலம் பொங்கிவிடும். அசை போடுவது நிற்கும், இடது விலா உப்பும், சாணி புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும், மாடு பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளாடும். முற்றினால் படுத்துவிடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஒரு கைப்பிடி படையலுக்குப் போதும். கூடுதலாகத் தின்றுவிட்டது தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்குப் போன் போட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் அவர் சொல்கிற அளவில்தான். படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

தீவனம் பற்றிச் சுருக்கமாக: பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் பசும்புல் 20 முதல் 25 கிலோ, வைக்கோலோ மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடியோ 4 முதல் 5 கிலோ, அடர்தீவனம் ஐந்தரை கிலோ, தாது உப்பு 50 கிராம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த மல்லாட்டைக் கொடியைத் தள்ளிவிடுங்கள், அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

சாவோ கல்யாணமோ வந்து வீட்டார் வெளியூர் போனால் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து கறக்க வேண்டும். புதுக் கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். முன்னதாகவே வாரத்தில் ஒரு வேளை அவரைக் கறக்க விட்டுப் பழக்குவது நல்லது. முழுக்கையால் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி இழுத்தால் காம்பு உள்ளே புண்ணாகும். பால் இறங்கிய ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதை மடியிலேயே விட்டால் சங்கத்தில் விலை குறையும், மடிநோயும் வரும். பால் இறங்கவில்லை என்று ஊசி போடுவதை எந்த வீடும் தொடங்கக் கூடாது.

மடிநோய் அந்த வீட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. ஒரு காம்பில் திரிந்த பாலைச் சேர்த்து ஊற்றினால் சங்கத்தில் 40 லிட்டர் கேன் முழுவதும் கெடும், அதில் பத்து வீட்டுப் பால் இருக்கும். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திப்பி இருந்தால் தெரியும். தொடக்கத்திலேயே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது வரும். மடியைக் கழுவி, பாலை முழுக்கப் பீச்சிக் கீழே விட்டு, விழுதைத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்துத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை வரை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ பாலில் ரத்தம் வந்தாலோ மருத்துவர்தான்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு வாங்கப் போகிறவர்கள் கறவை தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப்போவது நல்லது. ஒரு வேளை கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து நிறுத்துவது உண்டு. அடுத்தடுத்து இரண்டு வேளை கறந்து பார்க்காமல் முன்பணத்துக்குமேல் கொடுக்கக் கூடாது. வாங்கிவந்ததை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். கோமாரி அப்படி வந்தால் தெருவுக்கே பரவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசியை ஊரில் பாதிப் பேர் தவிர்த்தால் போட்டவர்களுக்கும் முழுப் பயன் இல்லை. தடுப்பூசி முகாம் நாளன்று கிடேரியை (இன்னும் ஈனாத இளம் பசுவை) கொல்லைக்கு ஓட்டிப்போகும் வீட்டாரிடம் போய்ப் பேசுவது மாட்டுக்காரரின் வேலைதான்.

நிலம் இல்லாத வீட்டுக்குக் கிடேரிக் கன்றை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விடுவது, காசு கொடுத்து உதவுவதைவிட மேல். வளர்ப்பவர் தீனியும் உழைப்பும் போடுவார், சினையானதும் விலை மதித்துப் பாதிப் பாதி, அல்லது ஈற்று மாறி ஈற்று கன்று. ஊருக்கு ஊர் பேச்சு மாறும். தகராறு வருவது பங்கில் இல்லை, பேசாமல் விட்டதில்: ஊசிச் செலவு யாருக்கு, வைத்தியம் யாருக்கு, மாடு செத்தால் நட்டம் யாருக்கு, காப்பீடு யார் பெயரில். கன்றின் காதில் மாட்டிய அடையாளத் தோட்டின் 12 இலக்க எண்ணோடு இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு கன்றை அவிழ்த்துவிடுங்கள்.